படி இறங்கிய பிறகு: பிரிந்து வந்த பெண்ணின் பாதுகாப்பு

அடித்துத் துன்புறுத்தும் கணவனோடு வாழும் பெண்ணைப் பார்த்து ஊர் கேட்பது ஒரே கேள்விதான்: "இவ்வளவு நடந்தும் ஏன் அங்கேயே கிடக்கிறாள்?" அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி வந்துவிட்டால் அந்தக் கேள்வி அடங்கிவிடும். ஆபத்து முடிந்தது, இனி வழக்கும் ஜீவனாம்சமும்தான் பாக்கி என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஆய்வுகள் சொல்வது இதற்கு நேர்மாறானது. வன்முறை உறவை விட்டு வெளியேறும் நேரமும் அதைத் தொடரும் மாதங்களும்தான் உயிருக்கு மிகுந்த ஆபத்தான காலம். நம் குடும்பங்களும் காவல் நிலையங்களும் நீதிமன்றங்களும் சற்று ஓய்ந்து உட்காரும் அதே நேரத்தில் அவள் அதிகமாகக் கண்காணிக்கப்படுகிறாள், பின்தொடரப்படுகிறாள்.

பிரச்சினையின் அளவைச் சொல்லும் எண்கள் நம்மிடம் இருக்கின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அகில இந்திய சராசரி 29.3 சதவீதம். நாடு முழுவதிலும் வன்முறைக்கு ஆளானவர்களில் எவரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம் மட்டுமே. ஆனால் வெளியே வந்தவர்களுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைகளுக்கான காரணங்களை வரதட்சிணை, காதல், குடும்பத் தகராறு என்று வகை பிரிக்கிறது. பிரிந்து போனவளைத் தேடிப்போய்க் கொன்றது என்பதற்கு அந்த அட்டவணையில் தனி வரிசை கிடையாது.

ஆபத்து ஏன் கூடுகிறது?

பிரியும்போது நடக்கும் தாக்குதலுக்கென்று 'பிரிவுத் தாக்குதல்' என்ற கருத்தை 1991இல் முன்வைத்தவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் மார்த்தா மஹோனி. பெண் போகாமல் தடுப்பதற்காக, போனவளைத் திரும்ப இழுப்பதற்காக, போனதற்குப் பழிவாங்குவதற்காக நடக்கும் தாக்குதல் அது. அவள் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள், போகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை என்பது அவர் வாதம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறைப் பேராசிரியர் ஜாக்குலின் கேம்பெல் இதை எண்ணால் நிறுவினார். அமெரிக்காவின் 11 நகரங்களில், கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட பெண்களின் கதைகளையும், வன்முறைக்கு ஆளாகி உயிரோடு இருக்கும் பெண்களின் கதைகளையும் அவர் குழு ஒப்பிட்டது. 2003இல் முடிவுகள் வந்தன. எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று ஒவ்வொன்றையும் கட்டுப்படுத்தும் ஆணோடு சேர்ந்து வாழ்ந்த பெண், அவனைப் பிரிந்த பிறகு கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூடுகிறது. பிரிட்டனின் குற்றவியல் அறிஞர் ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து, 2019இல் எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டார். அதில் கொலையை நோக்கித் திருப்பும் கட்டத்தில் பெரும்பாலும் நிற்பது பிரிவு, அல்லது பிரிந்துவிடுவேன் என்ற பேச்சு. 'ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டான்' என்று நாம் சொல்லிப் பழகிய பல கொலைகளுக்குப் பின்னால் திட்டமிடலும் பின்தொடர்தலும் இருந்ததை அந்த ஆய்வு காட்டியது.

அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்பதை மட்டும் வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது என்பதே இவற்றின் சாரம். பெரிதாகக் கைநீட்டாத, ஆனால் கைப்பேசி, சம்பளம், உடை, தாய்வீட்டுப் போக்குவரத்து எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருந்த ஆண், அந்தப் பிடி நழுவும்போது முதன்முறையாகக் கொடூரமாக மாறலாம். சில அறிகுறிகளை எந்தக் குடும்பமும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது: கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், ஆயுதத்தைக் காட்டியது, கர்ப்ப காலத்தில் அடித்தது, பின்தொடர்ந்து வருவது, 'நீ வராவிட்டால் செத்துவிடுவேன்' என்ற தற்கொலை மிரட்டல்.

எல்லாவற்றிலும் முக்கியமானது குரல்வளையை நெரித்தது. ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பின்னாளில் கொலை செய்யும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று கேம்பெல் குழுவின் 2008ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. கழுத்தில் தடயமே இல்லாமலும் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கச் சிரமப்படுவது, தலைசுற்றல் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'கீழே விழுந்தேன்' என்று சொல்லாமல் நெரித்தான் என்றே மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதச் சொல்ல வேண்டும். ஏ.ஆர். காப்பி எனப்படும் அந்தப் பதிவேட்டின் நகல்தான் பின்னால் வழக்குக்கு முதுகெலும்பு.

எங்கே தங்குவது?

பெரும்பாலான பெண்களுக்கு முதல் புகலிடம் அம்மா வீடு. ஆனால் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகவரியும் அதுதான். தெருமுனைக் கடைக்காரர் வரை அவனை 'மாப்பிள்ளை' என்று அழைக்கும் இடம். மிரட்டல் கடுமையாக இருந்தால் முதல் சில வாரங்களுக்காவது அவனுக்குத் தெரியாத இடமே நல்லது.

2015 ஏப்ரல் முதல் நடுவண் அரசின் திட்டமாக நடக்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. 'சகி' என்றும் 'ஒன் ஸ்டாப் சென்டர்' என்றும் அழைக்கப்படும் இவற்றில் மருத்துவ உதவி, காவல் துறை உதவி, ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். 181 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி காட்டுவார்கள். ஆனால் இங்கே தங்குவதற்கு வழக்கமாக ஐந்து நாள்தான். அதற்குப் பிறகு காப்பகம், அல்லது வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் தமிழக அரசின் 'தோழி' போன்ற மகளிர் விடுதி. தன்னார்வ அமைப்புகளில், 2001 முதல் சென்னையில் இயங்கும் பி.சி.வி.சி. ஆலோசனை, தங்குமிடம், தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்கான உதவி ஆகியவற்றைத் தொடர்ந்து செய்துவருகிறது. ஆபத்து மாதக்கணக்கில் நீள்கிறது என்று ஆய்வு சொல்லும்போது ஐந்து நாள் கூரை எந்தக் கணக்கில் சேரும் என்பது அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி.

வெளியேற வேண்டியவள் ஏன் அவளாகவே இருக்க வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. பிரிவு 19இன்கீழ், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேறும்படி கணவனுக்கே நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, வீட்டில் அமைதி நிலவக் கணவனை வெளியேற்றுவது ஒன்றே வழி என்றால், அவருக்கு வேறு வீடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் நீதிமன்றங்கள் அதைச் செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். வீடு மாமியார், மாமனார் பெயரில் இருந்தாலும் அது 'பகிர்ந்து வாழ்ந்த வீடு' ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில், சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் சொன்னது. ஆனால் அந்த முகவரி அவனுக்குத் தெரிந்ததுதான். பூட்டை மாற்றுவது, அக்கம்பக்கத்தில் சொல்லிவைப்பது, காவல் நிலையத்துக்கு உத்தரவின் நகல் போவது எல்லாம் சேர்ந்தால்தான் அந்த வீடு பாதுகாப்பு.

கையிலிருக்கும் உளவாளி

கணவன் வாங்கித் தந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். கடையிலேயே அவன் ஜிமெயில் முகவரியைப் போட்டு அதைத் தொடங்கியிருப்பான். சிம் அவன் பெயரில். அந்தக் கூகுள் கணக்கின் கடவுச்சொல் அவன் கையில் இருக்கும்வரை, தொலைந்த கைப்பேசியைத் தேடும் வசதியின் மூலம் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவன் பார்க்கலாம். புதிதாகச் சேமித்த எண்களும், எடுத்த படங்களும் அவன் திரைக்கும் போய்ச் சேரலாம். வாட்ஸ்அப்பில் 'இணைத்த சாதனங்கள்' பட்டியலைத் திறந்தால் அவன் மடிக்கணினி மாதக்கணக்காக அதில் உட்கார்ந்திருக்கலாம். ஆதாரில் அவன் எண் பதிவாகியிருந்தால், அவள் புதிய வங்கிக் கணக்கு தொடங்கும்போது வரும் ஓ.டி.பி. அவனுக்குப் போகும். சிலிண்டர் பதிவு, காப்பீடு, பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குழு, காரின் ஃபாஸ்டேக் எல்லாம் இப்படித்தான். எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டினாள் என்பது குறுஞ்செய்தியாக அவன் கைப்பேசிக்கு வந்து நிற்கும்.

இதைச் சரிசெய்வதிலும் ஒரு வரிசை வேண்டும். கண்காணிப்புச் செயலி இருப்பதாகச் சந்தேகம் வந்தவுடனே அழித்துவிட்டால், அவள் விழித்துக்கொண்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், ஆதாரமும் போய்விடும். வெளியேறும் திட்டத்தைப் பழைய கைப்பேசியில் பேசாமல், நம்பிக்கையானவர்களின் கைப்பேசியில் புதிய மின்னஞ்சல் தொடங்கிப் பேசலாம். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு தன் பெயரில் புதிய சிம், ஆதாரில் எண் மாற்றம், தன் பெயரில் மட்டும் வங்கிக் கணக்கு, எல்லாக் கடவுச்சொற்களையும் புதிய கருவியிலிருந்து மாற்றுவது என்று அடுத்தடுத்துப் போகலாம். பழைய கைப்பேசியை அணைத்துப் பத்திரமாக வைக்க வேண்டும். மிரட்டல் செய்திகளைத் தேதியும் எண்ணும் தெரியும்படி படமெடுத்துச் சேமிக்க வேண்டும். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாக்ஷிய அதிநியம் பிரிவு 63இன்படி சான்றிதழ் தேவைப்படும் என்பதால் மூலக் கருவியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அந்தரங்கப் படங்களைப் பரப்புவேன் என்று மிரட்டினால் 1930 என்ற எண்ணிலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் செய்யலாம். பின்தொடர்வதும், இணையத்தில் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 78இன்கீழ் தனிக் குற்றம்.

பணமும் பாதுகாப்போடு பிணைந்தது. வாடகை முன்பணம் கட்ட முடியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாய் ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்கே. மாமியார் பெயரும் இருக்கும் அட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அவள் கைக்கு எதுவும் வராமல் போகலாம். கணவனால் கைவிடப்பட்டோருக்கான அரசு உதவித்தொகைக்கு, கைவிடப்பட்டு ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும் அல்லது சட்டப்படியான பிரிவுச் சான்று வேண்டும். உயிருக்குப் பயந்து நேற்று ஓடிவந்தவள் இதற்குள் அடங்குவதில்லை. அதனால் குடும்ப வன்முறைச் சட்ட மனுவிலேயே பிரிவு 20இன்கீழ் பண உதவியையும், பிரிவு 19இன்கீழ் நகை, சீர்ப்பொருட்களைத் திரும்பப் பெறும் உத்தரவையும் சேர்த்துக் கேட்பது நல்லது. ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100ஐ அழைக்கலாம்.

உத்தரவு என்ற காகிதம்

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டம், பிரிந்து வந்தவளுக்கும் பொருந்தும். ஒரே வீட்டில் எப்போதாவது சேர்ந்து வாழ்ந்திருந்தால் போதும். தாலி கட்டாமல் திருமணம் போன்ற உறவில் வாழ்ந்தவர்களும் இதில் அடக்கம். விவாகரத்துக்குப் பிறகும், முன்பு நடந்த வன்முறைக்காக மனுச் செய்யலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப்போடலாம். கொடுமைக்கான குற்றவியல் புகாரையும் தஞ்சம் புகுந்த ஊரில் கொடுக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 'எல்லை எங்களுடையது இல்லை' என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பியனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

மனு வந்தால் முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா வாய்தாவாக இழுப்பதுதான் அதிகம். அதனால்தான் பிரிவு 23 முக்கியமாகிறது. ஆபத்து தெரிந்தால், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு தரலாம். அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது, வேலையிடத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ வரக் கூடாது, உறவினரை மிரட்டக் கூடாது என்று பிரிவு 18இன்கீழ் தடை கேட்கலாம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் அது. ஆனால் இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டும்போது நிலையத்தில் இருக்கும் காவலருக்கு அந்த உத்தரவு தெரிந்திருக்க வேண்டுமே! உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்கு இலவசமாகப் போக வேண்டும் என்கிறது பிரிவு 24. அவள் இப்போது வசிக்கும் எல்லையின் நிலையத்துக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று நேரில் உறுதி செய்வதும், காவல் பாதுகாப்பு தரும்படி நிலைய அதிகாரிக்கு உத்தரவிட பிரிவு 19இன்கீழ் கேட்பதும் வழக்கறிஞரின் வேலைப் பட்டியலில் இருக்க வேண்டும். இன்னொன்று: பாதுகாப்பு கேட்கும் மனுவே அவளுடைய புதிய முகவரியை அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடக்கூடும். எந்த முகவரியைக் குறிப்பிடுவது என்று மனு எழுதும் முன்பே வழக்கறிஞரிடம் பேச வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று இந்தச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளோடு இணைந்திருக்கிறது. படிவம் 5, பாதுகாப்புத் திட்டம். இதுவரை நடந்த வன்முறை, அதன் விளைவு, இனி என்ன நடக்கும் என்று அவள் அஞ்சுகிறாள், பாதுகாப்புக்கு என்ன தேவை, நீதிமன்றத்திடம் என்ன உத்தரவு கேட்க வேண்டும் என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், பாதிக்கப்பட்ட பெண்ணோடு உட்கார்ந்து இதை நிரப்ப வேண்டும். மேலைநாடுகளில் அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தும் கருவி நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. நிரப்ப ஆள்தான் போதவில்லை. ஒரு மாவட்டத்தின் மனுக்கள் முழுவதையும் ஒரே அலுவலர் சுமக்கும்போது, அந்தப் படிவம் வெறும் இணைப்புத் தாளாகிவிடுகிறது. வட்ட அளவு வரை பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது இந்தக் குறையைக் கண்டுதான்.

பிற நாட்டு அனுபவம் இரண்டைச் சொல்லலாம். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், முன்னாள் வாழ்க்கைத் துணையையும் உள்ளடக்கியது. பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நீடிக்கலாம். பிரிட்டனில் 2015இல் கட்டுப்படுத்தும் நடத்தை குற்றமாக்கப்பட்டபோது, பிரிந்து வாழ்பவர்கள் விடுபட்டிருந்தார்கள். பிரிந்த பிறகும் பணத்தாலும் பிள்ளையாலும் கைப்பேசியாலும் கட்டுப்பாடு தொடர்கிறது என்ற வாதம் வென்று, 2021இன் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஓட்டை அடைபட்டது.

வாய்தா நாளும் பிள்ளைகளும்

தலைமறைவாக வாழும் பெண்ணும் தப்ப முடியாத ஒரு நாள் உண்டு. அது வாய்தா நாள். எந்த ஊர், எந்த நீதிமன்றம், எத்தனை மணி என்பது இருவருக்கும் தெரியும். 2023 மார்ச்சில் கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில், வேறொரு வழக்குக்காக வந்திருந்த பெண்மீது, பிரிந்து வாழ்ந்த கணவனே ஆசிட் வீசினான். வழக்கறிஞர்களும் காவலர்களும் நடமாடிக்கொண்டிருந்த இடத்தில், பகல் வெளிச்சத்தில் அது நடந்தது. பின்னர் அந்தப் பெண் மருத்துவமனையில் இறந்தார்.

அதனால் வாய்தாவுக்குத் தனியாகப் போகக் கூடாது. தாழ்வாரத்தில் நின்று காத்திருக்காமல் வழக்கறிஞரோடு உள்ளே உட்கார வேண்டும். வளாகத்தில் பணியிலிருக்கும் காவலரிடம் முன்கூட்டியே சொல்லி, அவன் போன பிறகே கிளம்ப வேண்டும். ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கக் கூடாது. குடும்ப வன்முறை வழக்கை மூடிய அறையில் விசாரிக்கும்படி பிரிவு 16இன்கீழ் கேட்கலாம். காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். குற்றவியல் வழக்கில் அவள் சாட்சியும் என்பதால், 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் பாதுகாப்பு கோரலாம்.

அடுத்த கண்ணி பிள்ளைகள். பார்க்கும் உரிமை என்ற பெயரில் ஒவ்வொரு வாரமும் இருவரும் சந்திக்க நேரும்போது, பழைய வன்முறைக்குப் புதிய நேர அட்டவணை கிடைத்துவிடுகிறது. பிள்ளையின் நலனுக்குக் கேடு என்று தோன்றினால் சந்திப்பை மறுக்க நடுவருக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 21 அதிகாரம் தருகிறது. சந்திப்பு தவிர்க்க முடியாதது என்றால் ஒப்படைக்கும் இடம் வீடாக இருக்கக் கூடாது. நீதிமன்ற வளாகமோ மூன்றாமவர் முன்னிலையோ வேண்டும். 'அம்மா எந்த வீட்டில இருக்கா, பக்கத்தில என்ன கடை இருக்கு' என்று பிள்ளையின் வாயைக் கிளறுவது வழக்கமான தந்திரம். பொய் சொல்லும் சுமையைக் குழந்தையின் தலையில் வைக்காமல், 'அதை அம்மாகிட்ட கேளுங்க' என்று மட்டும் சொல்லப் பழக்கலாம். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் உத்தரவின் நகலோடு கடிதம் கொடுத்து, பிள்ளையை யார் யார் அழைத்துப் போகலாம் என்று எழுத்தில் பதிய வேண்டும். பள்ளி மாற்ற நேர்ந்தால், மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும்.

சேர்த்து வைக்கும் பழக்கம்

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது, பெண்கள் தயங்காமல் புகார் கொடுக்கத்தான். இன்று மாநிலம் முழுக்க அவை இருக்கின்றன. ஆனால் அங்கே போகும் பெண்ணுக்கு மிகப் பழக்கமான காட்சி எது? மனு ரசீது கொடுப்பார்கள். இரு தரப்பையும் வரச் சொல்லி எதிரெதிரே உட்காரவைப்பார்கள். 'இனி கைநீட்ட மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு, 'நீயும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா' என்று அனுப்பிவைப்பார்கள். குடும்ப நல நீதிமன்றங்களுக்கும் சமரசத்துக்கு முயலும் கடமையை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 9 தந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பொங்கல் சீர், கோயில் திருவிழா, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒரு சாக்கில் தூது வரும்.

சமரசம் எல்லா வழக்கிலும் தவறு என்று சொல்லவில்லை. சண்டை வேறு, வன்முறை வேறு. ஒருவருக்கு மற்றவர்மீது பயம் இருக்கும் இடத்தில், அவர்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவது சமமான பேச்சாக இருக்க முடியாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதி 14 இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆலோசனையின்போது, தான் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது. இனி செய்ய மாட்டேன் என்ற உறுதியைப் பெறுவதே நோக்கம். பெண் விரும்பினால் மட்டுமே உடன்பாட்டுக்கு முயல வேண்டும். இந்த விதி நிலையத்தின் நாற்காலிவரை வந்து சேரவில்லை. அவளைத் திரும்ப அனுப்பியவர்களில் எவரும், அடுத்த வாரம் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் போவதும் இல்லை.

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. நம்மிடம் சட்டம் குறைவில்லை. கவனம் தவறான இடத்தில் குவிகிறது. வெளியேறுவது ஒரு நாளில் முடிகிறது, ஆபத்து அதன்பின் பல மாதங்கள் நீள்கிறது. அந்த மாதங்களில்தான் படிவம் 5 உண்மையாக நிரப்பப்பட வேண்டும், நிலைமை மாறும்போதெல்லாம் திருத்தப்பட வேண்டும். ஐந்து நாள் தங்கல் போதாது. உத்தரவு நகல் நிலையத்துக்குப் போனதா என்று ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். பிரிந்த பிறகு கொல்லப்பட்ட பெண்களைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வராததற்கு நிதியும் வராது.

வாசகர்களில் பலர் இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு அண்ணன், தாய், சித்தப்பா, தோழி, பக்கத்து வீட்டுக்காரர். அவள் இருக்கும் இடத்தை எவர் கேட்டாலும், எவ்வளவு அழுது கேட்டாலும், சொல்லாதீர்கள். 'எப்போது திரும்பிப் போகப் போகிறாய்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இன்று இரவு உனக்குப் பயமில்லாமல் இருக்கிறதா' என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் தாமதிக்காமல் அவசரத்துக்கு 112ஐயும், தங்குமிடத்துக்கும் ஆலோசனைக்கும் 181ஐயும் அழையுங்கள், இலங்கையில் 1938. அவள் மிகைப்படுத்துகிறாள் என்று தோன்றினாலும் நம்புங்கள். அவனை நம்மைவிட நன்றாக அறிந்தவள் அவள்தான்.